கன்ட்ரோலர் சொன்ன நேரம்

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?" எங்கள் கன்ட்ரோலர் அதற்குத் தப்பான நேரத்தைச் சொன்னார். வேண்டுமென்று சொல்லவில்லை. இருபத்தாறு வருஷமாக எந்தக் கடிகாரத்தை நம்பினாரோ, அதில் இருந்த நேரத்தைச் சொன்னார். அவரைக் கிறுக்கன் என்றும் பெண்டாட்டியைக் கவனிக்காதவன் என்றும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவருடைய மச்சினன் ஒருத்தன் போதும், ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்க. எனக்கு அதைக் கேட்டுக் கேட்டு எரிச்சல் தாங்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது.

கன்ட்ரோலர் என்றதும் பெரிய உத்தியோகஸ்தர் என்று நினைத்துவிட வேண்டாம். குடிநீர் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் எத்தனை அடி ஆழத்தில் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மற்றபடி அப்படி ஒருவர் அலுவலகத்தில் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் கன்ட்ரோலராக இருந்தது தன் வீட்டு மாடியில், இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கூட வேலை பார்த்தவரின் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு பொம்மை ரயில் வாங்கியிருக்கிறார். ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிடலாம் என்று பெட்டியைப் பிரித்திருக்கிறார். மறுநாள் அந்தக் குழந்தைக்குப் போனது ஒரு பந்து. இதை எங்களுக்குச் சொன்னது அவர் மனைவி, எங்கள் எல்லோருக்கும் அண்ணி. "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு. இவர் இன்னும் ஓடுதான்னு பாத்துட்டிருக்கார்" என்பார்.

அண்ணி பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பகல் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திக் கத்தி, வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரல் இறங்காது. வாய் ஓயாத ஆள். எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்தது அவர்தான். கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் நான் "கண்ணாடி". கன்ட்ரோலர் ஒரு நாளில் பேசுகிற வார்த்தைகளை அண்ணி ஒரு காபி ஆற்றுவதற்குள் பேசி முடித்துவிடுவார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

மாடி ஹாலைச் சுற்றிலும் இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்து, அதன்மேல் தண்டவாளம். வரிசையாக ஆறு ஸ்டேஷன்கள். பேக்கரிக்காரர், லிஃப்ட் மெக்கானிக், கெமிஸ்ட்ரி வாத்தியார், நான் என்று ஸ்டேஷனுக்கு ஒருவர் பொறுப்பு. சுவரில் ஒரு ஓட்டை போட்டு, லைன் அடுத்த அறைக்குள் போய் முடியும். கன்ட்ரோலர் அந்த ஸ்டேஷன்களுக்கெல்லாம் கம்பீரமாகப் பெயர் வைத்திருந்தார். அண்ணி ஒரே நாளில் அதைக் கவிழ்த்தார். ஜன்னல் பக்கம் இருப்பது ஜன்னல் ஸ்டேஷன், பீரோ பக்கம் இருப்பது பீரோ ஜங்ஷன், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது பின்ரூம். கன்ட்ரோலர் இரண்டு வருஷம் முறைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் கையாலேயே, வண்டி வந்துபோகும் நேரம் குறிக்கும் ஷீட்டில் "பின்ரூம்" என்று எழுத ஆரம்பித்தார்.

இதை விளையாட்டு என்று சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை. இந்த வேகன் மர மில்லுக்கு, இது பிஸ்கட் ஃபாக்டரிக்கு என்று அதில் எழுதியிருக்கும். அதன்படி கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வேகனைக் கையால் தொடக்கூடாது. ஒற்றை லைன் என்பதால் கன்ட்ரோலரின் உத்தரவு இல்லாமல் எந்த வண்டியும் நகரக்கூடாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு பழைய டெலிபோன். பேசுவது எல்லாம் அதில்தான்; ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். அடுத்த ஸ்டேஷன் நாலு அடி தள்ளி இருந்தாலும் தலையை நீட்டி எட்டிப் பார்க்கக்கூடாது. "நிஜ ரயில்ல எட்டிப் பாக்க முடியுமா?" என்பார். கண்ணால் பார்த்த வண்டியை மட்டும், பார்த்த நிமிஷத்தோடு சொல்ல வேண்டும். "ஏழரை இருக்கும்" என்று ஒருநாள் பேக்கரிக்காரர் சொல்லப்போக, அரை மணி நேரம் அர்ச்சனை கிடைத்தது.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொம்மை ரயில் ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு ஒரு நிமிஷத்தில் போய்விடும். அதற்கு நிஜமான டைம்டேபிள் போட முடியாது. அதனால் ஒரு சுவர்க் கடிகாரத்தின் உள்ளே கைவைத்து, நாலு மடங்கு வேகமாக ஓட வைத்திருந்தார். வெளியே கால் மணி நேரம் போனால் அதில் ஒரு மணி நேரம் போயிருக்கும். வெளியே காலை பத்து மணி ஆகும்போது அதில் விடிகாலை நாலு மணி என்று வைத்து ஆரம்பிப்போம். வண்டி ஏதாவது தடம் புரண்டால் கடிகாரத்தை நிறுத்துவார். சரியானதும் மறுபடி ஓடும். மாடி ஏறும்போதே எங்கள் கைக்கடிகாரம், செல்போன் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். "ரெண்டு நேரத்தைப் பாத்துட்டிருந்தா ரெண்டுமே குழம்பிடும்" என்பது அவர் வாதம். நாங்கள் சிரித்துக்கொண்டே கழற்றிப் போடுவோம். உண்மையைச் சொன்னால், மூன்று மணி நேரம் வெளியுலகம் இல்லாமல் இருப்பது எனக்கும் பிடித்திருந்தது.

பதினோரு வருஷம் நான் பீரோ ஜங்ஷனைப் பார்த்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கெமிஸ்ட்ரி வாத்தியாருக்குக் காய்ச்சல். பின்ரூமுக்கு ஆள் இல்லை. கன்ட்ரோலர் முகம் சுருங்கிப்போனது. கதவைத் திறந்துவிட்டு எங்கள் பின்னாலேயே மாடி ஏறி வந்த அண்ணி, "அழாதீங்க. ஒரு நாளைக்கு நானும் உங்க உத்தியோகத்தைப் பாக்குறேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கன்ட்ரோலருக்குத் தலைகால் புரியவில்லை. தானே நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டெலிபோனில் எப்படிப் பேச வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிக்கொடுத்தார்.

அண்ணி ஒழுங்காகத்தான் செய்தார். நடுவில் மர மில் பக்கம் ஒரு வேகன் கவிழ்ந்து கடிகாரத்தை நிறுத்தியபோது, பின்ரூமிலிருந்து "காபி வேணுமா?" என்று டெலிபோனில் கேட்டார். "லைன்ல காபி பேசக்கூடாது" என்றார் கன்ட்ரோலர். நாங்கள் எல்லோரும் டெலிபோனை எடுத்து வைத்துக்கொண்டு சிரித்தோம். பிறகு கடிகாரம் மறுபடி ஓடியது. ஏழு இருபதுக்கு அண்ணியின் குரல் வந்தது. "பின்ரூம் பேசுது. நாலாம் நம்பர் ஏழு இருபதுக்கு வந்தாச்சு, சாமான் செட்டோட பத்திரமா இருக்கு." கன்ட்ரோலர் அதை ஷீட்டில் எழுதினார். அவர் உதட்டில் சிரிப்பு இருந்ததைப் பார்த்தேன்.

நான் அண்ணியின் பேச்சைக் கடைசியாகக் கேட்டது அதுதான்.

எட்டு நாற்பதுக்கு இன்னொரு வண்டியை என் ஜங்ஷனிலிருந்து பின்ரூமுக்கு அனுப்ப வேண்டும். அங்கே லைன் காலியா என்று கன்ட்ரோலர் மணி அடித்தார். பதில் இல்லை. மறுபடி அடித்தார். "காபி போடப் போயிட்டா போலிருக்கு. ரூல் தெரியாத ஆளு" என்று எங்களிடம் சொன்னார். வண்டி என் யார்டில் நின்றது. பின்னால் வந்த இன்னொன்றும் நின்றது. என் இடம் அடைபட்டுவிட்டது என்று நான் டெலிபோனில் புலம்பினேன். "பதில் வராம அனுப்ப முடியாது, வெயிட் பண்ணுங்க" என்றார். வெயிட் பண்ணினேன். எனக்கும் பின்ரூமுக்கும் நடுவில் இருந்தது ஒரு சுவர். நாலு எட்டு வைத்தால் கதவு. பெரிய ஜங்ஷன் மாஸ்டர் மாதிரி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது, இப்போது நினைத்தாலும்.

ஒன்பது பத்துக்கு லிஃப்ட் மெக்கானிக் பொறுமை இழந்து, ரூலை மீறி உள்ளே போனார். அவர் போட்ட சத்தத்தில் ஓடினோம். அண்ணி நாற்காலியில் வலது பக்கமாகச் சரிந்திருந்தார். ரிசீவர் மடியில் கிடந்தது. வாய் கோணியிருந்தது. கண் திறந்துதான் இருந்தது. எங்களைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். வெறும் சத்தம்தான் வந்தது.

ஆம்புலன்சில் நானும் கன்ட்ரோலரும் போனோம். அவர் கையில் இருந்த ஷீட்டை மேஜையில் வைக்கக்கூடத் தோன்றாமல் மடக்கிப் பிடித்தபடியே வந்துவிட்டார். என்னை ஆஸ்பத்திரி கவுன்டரில் பேர், வயசு எழுதச் சொல்லி நிறுத்தினார்கள். அவரை உள்ளே கூட்டிப்போனார்கள். அங்கேதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். கன்ட்ரோலர் ஷீட்டைப் பிரித்துப் பார்த்து, "ஏழு இருபது" என்று வாசித்திருக்கிறார்.

நான் போனபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "ஒரு ஊசி இருக்காம். மூளையில இருக்கற அடைப்பைக் கரைக்குமாம். நாலரை மணி நேரத்துக்குள்ள போடணுமாம். தாண்டிடுச்சாம். இனிமே போட்டா ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாம்."

"எப்படிண்ணே தாண்டும்? இப்பதானே..."

"ஏழு இருபதுக்குப் பேசினா. இப்ப மணி பன்னெண்டே முக்கா..." அவர் வாய் அப்படியே நின்றது. எதிர்ச் சுவரில் இருந்த ஆஸ்பத்திரிக் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் ஓடினோம்.

அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். சின்ன வயசுப் பெண், காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர், பக்கத்துக் கட்டிலில் இன்னொரு உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. கன்ட்ரோலர் மூச்சு வாங்கச் சொன்னார். "நான் சொன்ன நேரம் தப்பு டாக்டர். அது எங்க வீட்டுக் கடிகாரம். அது நாலு மடங்கு வேகமா ஓடும்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏழு இருபதுன்னு நிமிஷத்தோட சொன்னீங்களே. எழுதிக்கூட வச்சிருந்தீங்க. ஊசி கிடையாதுன்னதும் நேரத்தை மாத்துறீங்களா? இங்க வர்ற பாதிப் பேர் இதைத்தான் செய்றாங்க. தப்பான நேரத்துக்கு ஊசி போட்டா அவங்க செத்துப்போயிடுவாங்க, தெரியுமா?"

"பொம்மை ரயில் டாக்டர். ரயிலுக்காக அந்தக் கடிகாரம்..." அவர் சொல்லச் சொல்ல அது மோசமாகிக்கொண்டே போனது. உண்மை இத்தனை பைத்தியக்காரத்தனமாக ஒலித்து நான் கேட்டதில்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கூட இருந்தீங்களா? அவங்க நல்லா இருந்தது எத்தனை மணிக்குன்னு உங்களால உறுதியா சொல்ல முடியுமா?"

நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். பத்து மணிக்குத் தொடக்கம். நாலிலிருந்து ஏழு இருபதுக்கு இருநூறு நிமிஷம். அதை நாலால் வகுத்தால் ஐம்பது. ஆனால் நடுவில் கடிகாரம் நின்றது. எவ்வளவு நேரம்? பத்து நிமிஷமா, இருபதா? கைக்கடிகாரம் டின்னில் கிடந்தது. எனக்கு நிமிஷம் தெரியவில்லை. நிமிஷம் தெரியாமல் நேரம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"நடுவுல கொஞ்சம் நிறுத்தினோம் டாக்டர்... எவ்வளவு நேரம்னு..."

"உறுதியா தெரியுமா, தெரியாதா?"

"உறுதியா சொல்ல முடியாது" என்றேன்.

டாக்டர் போய்விட்டார். கன்ட்ரோலர் பின்னாலேயே கத்திக்கொண்டு போனார். அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. செக்யூரிட்டிகள் இரண்டு பேர் அவரைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

நாலு மணி வாக்கில் லிஃப்ட் மெக்கானிக் எங்கள் கடிகாரங்களையும் செல்போன்களையும் எடுத்துக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பத்து மணிக்கு அண்ணிதானே நமக்குக் கதவைத் திறந்துவிட்டாங்க? பத்துக்கு நல்லா இருந்தாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே? அது போதுமே."

அது போதும். பத்திலிருந்து எண்ணினாலும் இரண்டரை மணி வரைக்கும் நேரம் இருந்தது. டாக்டர் கேட்டது நிமிஷம் இல்லை. கதவைத் திறந்த முகம் என் கண்ணில் அப்படியே இருந்தது, உறுதியாகச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு ஒரு கவிழ்ந்த வேகனுக்கு எத்தனை நிமிஷம் ஆனது என்று தேடிக்கொண்டிருந்தேன். நான் ஆஸ்பத்திரிக் கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

அண்ணி பிழைத்தார். வலது கையும் காலும் போயின. பேச்சு போனது. காதில் விழுவது எல்லாம் நன்றாகப் புரிகிறது, வார்த்தைதான் வராது என்று டாக்டர்கள் சொன்னார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாளில் கன்ட்ரோலர் என்னைத் தனியாக அழைத்தார்.

"கண்ணாடி, அவளுக்கு அந்த ஊசி விஷயம் தெரியாது. தெரியவும் கூடாது. செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"சரிண்ணே."

"தெரிஞ்சா அவ என்னை எப்படிப் பாப்பான்னு நினைச்சாலே... மத்த எதையும் தாங்கிடுவேன்."

"என் வாயிலிருந்து வராதுண்ணே" என்றேன். என்மேல் அவருக்கு ஒரு சொட்டுக் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அலுவலகத்தில் நீண்ட விடுப்புப் போட்டார். கீழ் அறையில் அண்ணிக்குக் கட்டில் போட்டார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது எல்லாம் அவர்தான். முன்பெல்லாம் வாயே திறக்காத மனிதர், இப்போது நாள் முழுக்கப் பேசினார். பக்கத்து வீட்டு நாய், பால்காரரின் பல்வலி, அண்ணியிடம் கார் கற்றுக்கொண்ட பெண் ஒருத்தி லைசென்ஸ் வாங்கியது என்று விடாமல் பேசினார். அந்த வீட்டில் பேச்சு நின்றுவிடக் கூடாது என்று அவருக்கு ஒரு பிடிவாதம். அண்ணி இடது பக்க உதட்டால் சிரிப்பார். அவர் வரும் காலடிச் சத்தம் கேட்டாலே அந்தப் பாதி முகம் மலரும். முப்பது வருஷத்துக் கல்யாணத்தில் அவர்கள் இப்படி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதில்லை என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு நான் போவேன். கன்ட்ரோலர் மருந்து, காய்கறி வாங்கிவரும் வரை அண்ணியோடு உட்கார்ந்திருப்பேன். அண்ணிக்குக் குறும்பு போகவில்லை. குனிந்தால் இடது கையால் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி ஒளித்துக்கொள்வார். நான் தடவுவதைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் என்னைத் தின்றது. என்மேல் இத்தனை பிரியமாக இருக்கிற மனுஷியிடம் மனசுக்குள் திருடனாக உட்கார்ந்திருந்தேன்.

நாலு மாதம் பொறுத்தேன். என் பங்கை மட்டும் சொல்லலாம், அவர் பெயரை இழுக்காமல் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் பாரம் இறங்க வேண்டும், அதுதான் விஷயம். வேறு எந்த நியாயமும் இல்லை.

"அண்ணி, அன்னிக்கு ஒரு ஊசி இருந்தது. போட்டிருந்தா நீங்க பேசியிருக்கலாம், நடந்திருக்கலாம். நீங்க எப்ப நல்லா இருந்தீங்கன்னு டாக்டர் என்னைக் கேட்டாங்க. பத்து மணிக்குன்னு நான் சொல்லியிருக்கலாம். சொல்லல. உறுதியா தெரியாதுன்னுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

சிரிப்பு நின்றது. அண்ணி என்னையே பார்த்தார். பிறகு நெற்றி சுருங்கியது. கன்ட்ரோலர் கூட இருக்கும்போது என்னிடம் ஏன் கேட்டார்கள் என்று யோசிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இடது கையைத் தூக்கி மாடியைக் காட்டினார். நாலு விரலை விரித்துக் காட்டினார். அந்தக் கடிகாரமா என்று கேட்கிறார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கட்டில் சட்டத்தைத் தட்டி என்னை நிமிர வைத்தார். பக்கத்தில் காலியாக இருந்த கன்ட்ரோலரின் நாற்காலியைக் காட்டினார். அவரா அந்த நேரத்தைச் சொன்னார்?

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாழ்க்கையில் ஒரு பொய் சொல்ல எனக்குக் கிடைத்த மிக நல்ல சந்தர்ப்பம் அது. அண்ணியின் கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் பைகளோடு கன்ட்ரோலர் வந்தார். "தக்காளி விலை கேட்டா நீ மயங்கி விழுந்துடுவே" என்று பேசிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். அண்ணி வாசல் பக்கம் திரும்பவில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். விரல்கள் மடங்கி இறுகிவிடாமல் இருக்க ஒரு நாளைக்கு நாலு தடவை பயிற்சி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. வழக்கம்போல் அண்ணியின் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலை மெல்லப் பிரித்து, "ஒண்ணு" என்றார்.

அண்ணி இடது கையை நீட்டினார். செயலிழந்த அந்தக் கையைப் பிடித்திருந்த கன்ட்ரோலரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டார். பிறகு தன் வலது கையைத் தூக்கி மடியில் வைத்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"என்னம்மா, வலிக்குதா?" என்றார் கன்ட்ரோலர். அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்ட்ரோலர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "களைச்சுப் போயிட்டா கண்ணாடி. பரவாயில்ல, சாயங்காலம் செஞ்சுக்கறேன்."